பயந்த நாய்க்கு ஆறுதலான வீடு தேடுவது எப்படி?

கிளிநொச்சியிலிருந்து ஓர் ஆசிரியத் தங்கை கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. பரந்தன் சந்திக்குக் கிட்ட வாகனம் தட்டி, பின்னங்காலில் காயத்தோடு மதகடியில் கிடந்த ஒரு பெட்டை நாயை வீட்டுக்குக் கொண்டுவந்து மருந்து கட்டிச் சுகப்படுத்தியிருக்கிறார். இரண்டு வயது மட்டில் இருக்கும். ஊர் நாயோடு அல்சேஷன் கலந்த கலப்பு. கால் சுகமாகிவிட்டது, பயம் போகவில்லை. படலை திறக்கிற சத்தம் கேட்டாலே தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. வந்தவர் ஆம்பிளை என்றால் அவர் திரும்பிப் போகும்வரை வெளியே வராது. வருகிற தையில் இவருக்கு மட்டக்களப்புக்கு இடமாற்றம். அங்கே வாடகை அறை, நாய் வைத்திருக்க விடமாட்டார்கள். நாயைக் கேட்டு மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் ஏ9 வீதியோரத்தில் கடை வைத்திருப்பவர், இரவுக் காவலுக்கு நாய் தேவை. இரண்டாவது, ஐந்து வயதிலும் மூன்று வயதிலும் பிள்ளைகள் உள்ள சொந்தக்காரக் குடும்பம். பிள்ளைகள் நாய் வேண்டுமென்று அழுகிறார்களாம். மூன்றாவது, அக்கராயன் பக்கம் தனித்திருக்கும் வயதான கணவனும் மனைவியும், பிள்ளைகள் வெளிநாட்டில். அவர்கள் "பாப்பம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். யாரிடம் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, நானாக இருந்தால் "பாப்பம்" என்று சொன்ன அந்த வயதானவர்களைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன். மற்ற இரண்டு பேருக்கும் உங்கள் நாயிடமிருந்து ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. ஒருவருக்குக் குரைப்பு வேண்டும், மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வேண்டும். உங்கள் நாயால் இப்போதைக்கு எவருக்கும் எதுவும் கொடுக்க ஏலாது. அது சாப்பிடவும் படுக்கவும் பயமில்லாமல் ஒன்றுக்கு இருக்கவும் ஓர் இடம் கிடைத்தால் போதும் என்ற நிலையில் இருக்கிறது. அப்படி இருந்துகொள்ள மாதக்கணக்கில் விடக்கூடிய வீடு எது என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை. நாய் தேடி வருகிறவர்களில் நல்ல மனம் உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் அவசரப்படாதவர்கள்தான் குறைவு. கட்டிப்பிடித்து அன்பு காட்ட வேண்டுமென்று துடிக்கிற இரக்கம், இப்படியான நாய்க்குப் பொல்லோடு வருகிற ஆளைப் போலவே தெரியும்.

கடைக்கார அண்ணையின் கேள்வியை நான் தவறென்று சொல்லமாட்டேன். வன்னியில் நாய் வளர்ப்பதே பெரும்பாலும் காவலுக்குத்தான். மாடு களவு போகிறது, தோட்டத்துக்குப் பன்றி வருகிறது, குரங்கு ஓடு பிரிக்கிறது, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கங்களில் யானை வேலிக்கே வருகிறது. ஒரு நல்ல நாய் இருந்தால் வீட்டுச் சனம் நிம்மதியாகப் படுக்கும். ஆனால் பயந்த நாய் காவல் நாயாகாது. ஆளைக் கண்டதும் குரைக்கிறதே என்று சனம் ஏமாந்துபோவது இதில்தான். தைரியமான நாய் முன்னுக்கு வந்து நின்று குரைக்கும். பயந்த நாய் பின்வாங்கிக்கொண்டு, உடம்பைப் பதித்து, வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு குரைக்கும். இரண்டாவது குரைப்பின் பொருள் "கிட்ட வராதே" என்பது மட்டும்தான். அதைச் சங்கிலியில் கட்டிவிட்டால் ஓடித் தப்புகிற வழியும் அடைபட்டுப் போகிறது. பயந்த மிருகத்துக்கு ஓட வழியில்லாவிட்டால் மிச்சமிருப்பது உறைந்து நிற்பது அல்லது கடிப்பது. ஏ9 இல் இரவிரவாக டிப்பரும் லொறியும் போகும், கோர்ன் அடிக்கும், வெளிச்சம் அடிக்கும். கடைக்கு முகம் தெரியாத சனம் வந்துபோகும். ஒருநாள் சாமான் வாங்க வந்த பிள்ளை குனிந்து தடவப் போகும், அன்றைக்குக் கடிக்கும். பிறகு பிள்ளைக்கு ஊசி, கடைக்காரருக்குச் சண்டை, நாய்க்கு என்ன முடிவென்று நான் எழுதத் தேவையில்லை. கடைக்கார அண்ணையிடம் இதையெல்லாம் மறைக்காமல் சொல்லி, சந்தைப்பக்கம் வளர்ந்த, சத்தத்துக்கும் சனத்துக்கும் பழகின ஓர் இளம் கடுவன் நாயைப் பார்த்துக்கொடுங்கள். அவருக்கும் நல்லது, அந்த நாய்க்கும் ஒரு வாசல் கிடைக்கும்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் இந்த நாயைக் கொடுக்கவேண்டாம். மூன்று வயதுப் பிள்ளையின் முகமும் நாயின் முகமும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. பிள்ளை ஓடும், விழும், கீச்சிடும், நாய் ஒளிந்திருக்கும் கட்டிலுக்குக் கீழே ஊர்ந்து போகும். அதில் பிள்ளையின் பிழையும் இல்லை, நாயின் பிழையும் இல்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட, சொன்னால் கேட்கிற, கொஞ்சம் அமைதியான பிள்ளை என்றால் யோசிக்கலாம். சில வீடுகளில் அப்படியான பிள்ளையிடம்தான் நாய் முதலில் வரும். இந்தக் குடும்பத்துக்கு, சனத்துக்குள் பிறந்து கைபட்டு வளர்ந்த எட்டு வாரக் குட்டி ஒன்று பொருத்தம்.

இனி, பயம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் புது வீட்டுக்காரர் முதலில் கேட்கப்போவது இதைத்தான். "ஆரோ நல்லா அடிச்சிருக்கினம்" என்று சனம் உடனே சொல்லும். அடி வாங்கின நாயும் உண்டு. ஆனால் அடியே வாங்காமல், மனிதக் கையே தெரியாமல் வளர்ந்ததால் பயப்படுகிற நாய்தான் நம் பக்கத்தில் நிறைய. குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரை ஒரு காலம் உண்டு. அதற்குள் என்னென்னவற்றைப் பயமில்லாமல் கண்டு மணந்து பழகுகிறதோ, அவை அதற்குச் "சாதாரணம்" ஆகிவிடும். அமெரிக்காவில் ஜாக்சன் ஆய்வுகூடத்தில் மனிதத் தொடர்பே இல்லாமல் வளர்த்த குட்டிகளைப் பற்றி 1961 இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பதினான்கு வாரம் வரை ஆளையே காணாத குட்டிகள் பிறகு எவ்வளவு பழக்கியும் மனிதரிடம் இலகுவில் ஒட்டவில்லை. மதகுக்குள்ளும் பற்றைக்குள்ளும் கைவிட்ட கட்டடங்களுக்குள்ளும் குட்டி போடுகிற கட்டாக்காலி நாய்களின் பிள்ளைகள் அந்த வாரங்களை ஒளிந்தே கழிக்கின்றன. உங்கள் நாயும் அப்படி வளர்ந்ததாக இருக்கலாம். பிறகு வாகனமும் தட்டியிருக்கிறது.

ஆகவே நாயை எடுப்பவரிடம் "கொஞ்ச நாளில சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள். சில நாய்கள் முழுக்க மாறும். சில நாய்கள் வீட்டில் உள்ள இரண்டு மூன்று பேரை நம்பி, அவர்களுக்குள் சந்தோசமாக இருந்து, வெளி ஆட்களுக்கு வாழ்நாள் முழுக்க ஒளிந்துகொள்ளும். அது தோல்வி இல்லை, அதுவும் நல்ல நாய்ச் சீவியம்தான். ஆனால் எடுப்பவருக்கு இது முதலே தெரிந்திருக்க வேண்டும். "விருந்தாளி வந்தா எங்கட நாய் வந்து வாலாட்ட வேணும்" என்று ஆசைப்படுகிறவர் ஆறு மாதத்தில் மனம் கசந்துபோவார்.

இந்த இடத்தில் வைத்தியப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கூச்சம் என்று நாம் நினைப்பதில் பாதி சிலவேளை நோயாக இருக்கும். வன்னி வெயிலில் உண்ணி தாராளம். உண்ணிக் காய்ச்சல் உள்ள நாய் ஒதுங்கிப் படுக்கும், சாப்பாட்டை மணந்துவிட்டுத் திரும்பும், முரசு வெளிறியிருக்கும். அடிபட்ட கால் உள்ளுக்குள் நோகிற நாய், தொட வந்தால் உறுமும். கொடுப்பதற்கு முன் கால்நடை வைத்தியரிடம் ஒருக்கால் முழுசாகக் காட்டி, இரத்தம் பார்த்து, பூச்சி மருந்தும் உண்ணி மருந்தும் கொடுத்துவிடுங்கள். நோவுக்கு வீட்டில் இருக்கிற பனடோலையோ வேறு மாத்திரையையோ நீங்களாகக் கொடுக்கக்கூடாது. மனிதருக்குச் சாதாரணமான நோவு மாத்திரைகள் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். விசர்நாய்த் தடுப்பூசி அரசாங்கம் இலவசமாகப் போடுவது, ஆண்டுக்கொருமுறை. ஊசி போட்ட அட்டையை நாயோடு கொடுங்கள். பிரதேச சபையில் நாயைப் பதிவதும் சட்டப்படி உள்ள விஷயம், 1901 ஆம் ஆண்டுச் சட்டம் அது. புது வீடு எந்தச் சபைக்குள் வருகிறதோ அங்கே அவர்கள் பதியட்டும்.

கருத்தடைச் சத்திரசிகிச்சையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிற்போடாதீர்கள், நீங்களே செய்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பெட்டை நாய் ஆண்டுக்கு இரண்டுமுறை மட்டில் பருவத்துக்கு வரும், மூன்று வாரம் மட்டில் நிற்கும். அந்த நேரம் ஊர்க் கடுவன்கள் எல்லாம் வேலியைச் சுற்றி நின்று சண்டை பிடிக்கும். பயந்த நாய்க்கு அதைவிட நரகம் இல்லை, வேலி பாய்ந்து ஓடுவது பெரும்பாலும் அப்போதுதான். அறுபத்து மூன்று நாள் மட்டில் குட்டி. அந்தக் குட்டிகளில் பெட்டைகள் உரப்பைக்குள் போய் ஏதாவது சந்தியில் இறங்கும். உங்கள் நாய் எப்படி வீதிக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

அடுத்தது வீடு பார்ப்பது. அக்கராயன் வீட்டுக்கு நாயில்லாமல் முதலில் நீங்கள் மட்டும் போங்கள். போய்க் கதைத்துக்கொண்டிருக்கும்போது அரைமணித்தியாலம் காதைக் கொடுத்து இருங்கள். பக்கத்தில் அரிசி ஆலை இருக்கிறதா, வெல்டிங் பட்டறை இருக்கிறதா, கோயில் ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, உழவு இயந்திரம் எந்த ஒழுங்கையால் போகிறது என்று பாருங்கள். மனிதக் காதுக்கு ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ் மட்டும்தான் கேட்கும், நாய்க்கு 45,000 வரை கேட்கும். நமக்கு ஒன்றுமில்லாத இடத்தில் அதற்கு இரைச்சல் இருக்கும். யானை வருகிற பகுதியா என்று கட்டாயம் கேளுங்கள். யானை வெடி போடுகிற ஊரில் பயந்த நாய் இரவில் வெளியே படுக்கவே கூடாது, வீட்டுக்குள் எடுக்கச் சம்மதமா என்று தெளிவாகக் கேட்டுவிட வேண்டும். நம்மில் பலருக்கு நாய் வீட்டுக்குள் வருவது பிடிக்காது. குசினிக்குள் வேண்டாம், சாமி அறைப் பக்கம் வேண்டாம் என்றால் அது நியாயம்தான். பின் விறாந்தையில் மூன்று பக்கம் அடைத்த ஒரு மூலை கிடைத்தாலும் போதும்.

வேலியை நின்று பார்க்காதீர்கள், குந்தியிருந்து நாயின் உயரத்தில் பாருங்கள். வீட்டுத்திட்டத்தில் கட்டின வீடுகளில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வளவு இருக்கும், முன்னுக்கு மட்டும் தகரம் அடித்து மிச்சப் பக்கம் முள்கம்பி இரண்டு வரி ஓடும். முள்கம்பி மாட்டை மறிக்கும், நாயை மறிக்காது. படலைக்குக் கீழே மழைவெள்ளம் அரித்த பள்ளம் இருந்தால் நாய் அதற்குள்ளால் ஊர்ந்து போய்விடும். முழு வளவையும் அடைக்கச் சொல்லி அவர்களுக்குச் செலவு வைக்காதீர்கள். வீட்டின் பின்பக்கத்தோடு சேர்த்து வலைக்கம்பியில் ஒரு சின்ன அடைப்புப் போட்டால் போதும். அந்தச் செலவை நீங்கள் ஏற்றாலும் தகும்.

கேட்கவேண்டிய கேள்விகளில் ஒன்று மற்ற எல்லாவற்றையும்விடப் பெறுமதியானது: "முந்தி வைச்சிருந்த நாய்க்கு என்ன நடந்தது?" இந்தக் கேள்விக்குச் சனம் பொய் சொல்வது குறைவு, ஏனென்றால் அதில் மறைக்க ஒன்றும் இருப்பதாக அவர்களுக்குத் தெரியாது. "அதெங்கையோ போட்டுது" என்று ஒருவர் சொல்வார். "டிப்பர் அடிச்சது, அதுக்குப் பிறகு படலைக்குக் கொழுவி போட்டனாங்கள்" என்று இன்னொருவர் சொல்வார். "பதின்மூண்டு வருசம் இருந்தது, கண் தெரியாமல் போய்த்தான் செத்தது, அந்தப் பூவரசுக்குக் கீழதான் தாட்டது" என்று சொல்கிற வீட்டில் நான் மற்றக் கேள்விகளை அவ்வளவாகக் கேட்பதில்லை.

வயதானவர்கள் என்பதால் வேறு இரண்டு விஷயம் கேட்க வேண்டும், கூச்சப்படாமல் கேளுங்கள். பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால் விசா கிடைத்து ஆறு மாதம் போய் நிற்பார்கள். அந்த நேரம் யார் சாப்பாடு போடுவார்? இரண்டு பேரில் ஒருவருக்கு ஏலாமல் போனால் நாய் யாரிடம் போகும்? பக்கத்து வீட்டு ஆள் ஒருவரின் பெயரைச் சொல்கிறார்களா, அந்த ஆளை நாய்க்குப் பழக்கமுடியுமா என்று பாருங்கள். பதில் கிடைக்காவிட்டால், திரும்ப எடுக்கும் பொறுப்பை நீங்கள் எழுதிக் கொடுங்கள். அதைத் தவிர வயது ஒரு தடையே இல்லை. அவர்கள் நாளில் இருக்கிற ஒழுங்குதான் இந்த நாய்க்கு மருந்து. விடிய எழும்புவார்கள், கிணத்தடிக்குப் போவார்கள், தேத்தண்ணி, முற்றம் கூட்டுவது, மத்தியானம் ஒரு நித்திரை, பின்னேரம் விளக்கு. நாளைக்கு என்ன நடக்கும் என்று நாய்க்கு இன்றைக்கே தெரியும். அங்கே ஏற்கெனவே அமைதியான ஒரு கிழட்டு நாய் இருந்தால் இன்னும் விசேஷம். அது என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் பயந்த நாய் ஆளை நம்பப் பழகும்.

ஆறுதல் என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதற்கு முள்ளியவளையில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். மனைவி இறந்தபின் தனிய இருந்த, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கறுப்பு நாய் ஒன்றை எடுத்தார். கண்ணுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு உள்ள நாய். வந்த நாளிலிருந்து மாட்டுக்கொட்டிலின் பின்மூலையை விட்டு அது அசையவில்லை. அவர் பின்னேரங்களில் ஒரு கதிரையைக் கொண்டுபோய்க் கொட்டில் வாசலில் போட்டு, நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்து, பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். மரண அறிவித்தலையும் விடமாட்டார். வாசித்துக்கொண்டே பாணைக் கிள்ளித் திரும்பிப் பாராமல் தோளுக்கு மேலால் பின்னுக்கு எறிவார். முதலில் எல்லாம் காகத்துக்குத்தான் போனது. பிறகு அவர் எழும்பிப் போனபின் நாய் பொறுக்கியது, பிறகு அவர் இருக்கும்போதே. மாரி தொடங்கியதும் கதிரை விறாந்தைக்கு மாறியது. நல்ல மழை பெய்த ஒரு பின்னேரம் நான் அங்கே போயிருந்தேன். நாய் கொட்டிலை விட்டு வந்து முன்னங்கால் இரண்டையும் விறாந்தைப் படியில் வைத்துக்கொண்டு, மிச்ச உடம்பு மழையில் நனைய நின்றது. அவர் என்னைப் பார்த்து அசையாதே என்று கண்ணால் சொன்னார். கை நீட்டவில்லை, கூப்பிடவில்லை. பேப்பரில் அடுத்த பக்கத்தைப் புரட்டி விட்ட இடத்திலிருந்து வாசித்தார். நாய் ஏறி வந்து கதிரைக்குப் பின்னால் படுத்தது.

அக்கராயன் வீட்டுக்காரருக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் ஏறக்குறைய இதுதான். நேருக்கு நேர் கண்ணைப் பார்க்கவேண்டாம். மேலே குனியவேண்டாம். தலைக்கு மேலால் கை கொண்டுபோக வேண்டாம். சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு "வா வா" என்று கிட்ட இழுக்கவேண்டாம். ஆசையில் கிட்ட வந்த நாய், சாப்பாட்டை எடுத்ததும் தான் ஆளுக்கு மிகக் கிட்ட நிற்பதைக் கண்டு திடுக்கிடும். சாப்பாட்டைப் பின்னுக்கு, நாய்க்கு அப்பால் எறிந்தால் அது விலகிப்போய்த் தின்று, தானாகத் திரும்பி வரும். அவித்த ஈரல், கோழிக் கழுத்து இறைச்சி எலும்பு நீக்கி, முட்டை, கருவாட்டுத் துண்டு உப்புக் கழுவி, இவற்றில் எதற்கு அது அடிமை என்று இப்போதே கண்டுபிடித்து அவர்களுக்குச் சொல்லுங்கள். ஆம்பிளைக்குத்தான் கூடப் பயம் என்றால் அந்த ருசியான சாப்பாட்டை ஐயா மட்டும் போடட்டும், அம்மா சோறு மட்டும் போடட்டும். அவர் தலைக்கவசத்தோடும் பொல்லோடும் நாயின் முன்னால் வருவதை முதலில் தவிர்க்கட்டும்.

நாயின் உடல்மொழியை வாசிக்கவும் அவர்களைப் பழக்குங்கள். நித்திரை வராமல் கொட்டாவி விடுவது, சாப்பாடு இல்லாமல் உதட்டை நக்குவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்பது, எல்லாமே "எனக்கு இது கூடிப்போச்சு" என்பதுதான். அந்த இடத்தில் நிறுத்திப் பின்வாங்கினால் நாய் உறுமத் தேவையில்லாமல் போகும். உறுமினாலும் அடிக்கக்கூடாது, ஏசக்கூடாது. உறுமலை அடித்து நிறுத்தின நாய் பிறகு சொல்லாமல் கடிக்கும். பயந்த நாயைத் தடவினால் பயம் கூடிப் பழக்கமாகிவிடும் என்று ஒரு கதை உண்டு, அது சரியில்லை. இடி இடிக்கும்போது தானாக வந்து ஒட்டினால் தாராளமாகத் தடவலாம். தப்பித்தவறிக் கடித்துவிட்டால், ஊசி போட்ட நாய் என்றாலும், ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

கொண்டுபோகிற நாளில்தான் ஆபத்து அதிகம். அதற்கு முன் அவர்கள் இருவரும் சில தடவை உங்கள் வீட்டுக்கு வந்து, நாயைப் பொருட்படுத்தாமல் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் உடுத்த பழைய சாரம் ஒன்றையும் சீலைத்துண்டு ஒன்றையும் கழுவாமல் வாங்கி நாய் படுக்கிற இடத்தில் போடுங்கள். மோட்டார் சைக்கிளில் உரப்பைக்குள் கட்டிக் கொண்டுபோகிற பழக்கத்தை மனதிலும் நினைக்காதீர்கள், மூச்சு முட்டிச் செத்த நாய்கள் உண்டு. வெயில் ஏற முன், ஒரு கூட்டுக்குள் விட்டு, மேலே துணி போட்டு மூடி, ஆட்டோவிலோ சின்னப் பட்டா லொறியிலோ கொண்டுபோங்கள். கழுத்துப் பட்டியில் ஒரு கயிறு, உடம்பைச் சுற்றின பட்டியில் இன்னொரு கயிறு, இரண்டும் வேறு வேறு கையில். பட்டியில் தொலைபேசி இலக்கம் எழுதியிருக்க வேண்டும். கூட்டின் கதவை அறைக்குள் கொண்டுபோய், அறைக் கதவைப் பூட்டினபிறகுதான் திறக்க வேண்டும். முற்றத்தில் வைத்துத் திறக்கவே கூடாது. முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு வளவில் அவிழ்த்து விடவேண்டாம். காலையும் மாலையும் கயிற்றோடு அந்தச் சின்ன அடைப்புக்குள் மட்டும்.

அப்படியும் ஓடிவிட்டால், துரத்தக்கூடாது. சனத்தைக் கூட்டிக்கொண்டு பெயர் சொல்லிக் கத்தித் தேடினால் இரணைமடுக் காடு வரைக்கும் ஓடும். பயந்த நாய் முதலில் கிட்டவுள்ள பற்றைக்குள்தான் பதுங்கும். ஓடின இடத்திலேயே அது படுத்த சாக்கையும், உங்கள் உடுப்பு ஒன்றையும், மணக்கிற மீன் சாப்பாட்டையும் வைத்து, ஆளில்லாமல் விட்டு, சாமத்திலும் விடியப்புறத்திலும் தூரத்திலிருந்து பாருங்கள். நாயைக் கண்டால் நிலத்தில் இருந்துகொண்டு மற்றப்பக்கம் பார்த்துச் சாப்பாட்டை எறிய வேண்டும். ஊர்ப் பொடியன்களுக்கு "கண்டா சொல்லுங்கோ, பிடிக்க வேண்டாம்" என்று சொல்லிவையுங்கள். உங்கள் குரல் அதற்குத் தெரிந்த குரல் என்பதால், கொண்டுபோய் விட்டு முதல் கிழமையாவது நீங்கள் கிளிநொச்சியில் நிற்க வேண்டும். தையில் வெளிக்கிடுவதென்றால் அதற்கு முதல்நாள் கொண்டுபோய் விடுகிற திட்டம் சரிவராது.

காலத்தையும் பாருங்கள். தீபாவளி வெடி முடியவேண்டும். அதன்பின் கார்த்திகை மழையும் இடியும், பிறகு நத்தார், புதுவருட வெடி, தைப்பொங்கல் வெடி. வெடிக்காலத்துக்குள் புது இடத்தில் விட்டால் அந்த வீடு என்றாலே வெடி என்று நாய் நினைத்துக்கொள்ளும். தீபாவளி முடிந்ததும் கொண்டுபோய், மார்கழிக்குள் அறைக்குப் பழக்கிவிடலாம். அதற்குள் ஏலாவிட்டால், மாசி வரைக்கும் உங்கள் வீட்டிலேயே விட்டு, நாய்க்குத் தெரிந்த பக்கத்து வீட்டு அக்கா ஒருவருக்குக் காசு கொடுத்துச் சாப்பாடு போடச் செய்து, பள்ளிக்கூட விடுமுறைக்கு வரும்போது மாற்றலாம். அக்கராயனில் காலபோக அறுவடை நேரம் நெல் வெட்டும் மெசின் வயலுக்குள் இறங்கும். வீட்டுக்குப் பக்கத்து வயல் எப்போது வெட்டுகிறார்கள் என்றும் ஐயாவிடம் கேளுங்கள்.

அவர்கள் கடைசியில் மாட்டோம் என்று சொன்னால் மனம் தளரவேண்டாம், வற்புறுத்தவும் வேண்டாம். கன்னியர் மடங்கள், விடுதியில்லாத சிறிய தேவாலய வளவுகள், தனியே இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியைகள், காவலாளி குடும்பத்தோடு தங்கியிருக்கிற தென்னந்தோட்டங்கள், இப்படியான மதிலும் அமைதியும் உள்ள இடங்களில் கேளுங்கள். அறிவித்தல் எழுதும்போது "அழகான நாய், அன்பான வீடு தேவை" என்று எழுதாதீர்கள், அதற்குக் கடைக்காரரும் பிள்ளைக்குட்டிக்காரரும்தான் வருவார்கள். நானென்றால் இப்படி எழுதுவேன்: "இரண்டு வயதுப் பெட்டை, கருத்தடை செய்தது, ஊசி போட்டது. ஆட்களுக்குப் பயம், ஒளிந்துகொள்ளும். காவலுக்கு உதவாது. கட்டிவைக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் இல்லாத, சத்தம் குறைந்த, அவசரமில்லாத வீட்டுக்கு மட்டும். சரிவராவிட்டால் எந்த நேரமும் திரும்ப எடுப்போம்." இதை வாசித்துவிட்டும் ஒருவர் தொலைபேசி எடுத்தால் அவரோடு கதைக்கலாம்.

கடைசி வரியை வாய்ப்பேச்சாக விடாமல் தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வையுங்கள். கட்டிப்போடமாட்டோம், வேறு ஆளுக்குக் கைமாற்றமாட்டோம், ஏலாவிட்டால் உங்களுக்குத்தான் முதலில் சொல்வோம் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். உண்ணி மருந்துக்கும் வருடாந்த ஊசிக்குக் கொண்டுபோகிற ஆட்டோவுக்கும் மாதம் ஒரு சிறு தொகை நீங்கள் அனுப்பினால், "காசுக்காகத்தான் நாயை வைச்சிருக்கிறம்" என்று அவர்கள் மனம் நோகாதபடி, நாயின் மருந்துக்கென்று சொல்லி அனுப்புங்கள்.

மட்டக்களப்புக்குப் போனபின் முதல் இரண்டு மாதம் நாயைப் பார்க்கப் போகாதீர்கள். உங்களைக் கண்டு, பிறகு நீங்கள் படலையைத் தாண்டிப் போவதையும் கண்டால், அது திரும்பவும் படலையையே பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கும். கிழமைக்கு ஒருமுறை அம்மாவுக்கு அழைப்பெடுத்து, சாப்பிட்டதா, இரவு எங்கே படுத்தது, மலம் இறுக்கமாகப் போகிறதா என்று மட்டும் கேளுங்கள். "கிட்ட வருதா, தடவ விடுதா" என்று கேட்காதீர்கள். நீங்கள் கேட்டால் அவர்கள் அடுத்த கிழமைக்குள் தடவிப் பார்க்க முயல்வார்கள்.